செகா 32எக்ஸ்-இல் ஆடத் தகுந்த விளையாட்டு ஏதாவது உண்டா?

கேட்டவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "செகா 32எக்ஸ்-க்கு வந்த விளையாட்டுகள் எல்லாமே குப்பை என்கிறார்கள். உண்மையா? இப்போது எமுலேட்டரில் ஆடிப் பார்க்க ஏதாவது தேறுமா?"

தேறும். பத்துக்குக் கொஞ்சம் குறைவாக நல்ல விளையாட்டுகள் கண்டிப்பாகத் தேறும். வெளிவந்ததே மொத்தம் 40 தான் என்று பார்த்தால் அது நல்ல விகிதம். (32எக்ஸ் என்பது செகா ஜெனிசிஸ் என்ற டிவி விளையாட்டுக் கன்சோலின் மேல் செருகும் துணைக்கருவி. எமுலேட்டர் என்பது அந்தப் பழைய கருவி போலவே நடந்து, அதன் விளையாட்டுகளைக் கணினியிலோ போனிலோ ஓட்டும் மென்பொருள்.) அந்தக் கருவிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவை பெரும்பாலும் அவசரத்தில் செய்தவையும், பழையதற்கு வர்ணம் பூசி விற்றவையும்தான். கருவியைப் புரிந்துகொண்டு செய்தவை இன்றைக்கும் ஆட நன்றாக இருக்கின்றன.

ஏன் அவசரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். 1994 ஜனவரியில் ஜப்பானில் இருந்த செகா தலைவர் ஹயாவோ நகயாமா, லாஸ் வேகஸ் கண்காட்சியில் இருந்த அமெரிக்கக் குழுவை அழைத்து, போட்டிக் கம்பெனியான அட்டாரியின் ஜாகுவார் கன்சோலுக்குப் பதிலடியாக ஏதாவது சீக்கிரம் செய்தாக வேண்டும் என்றார். ஜோ மில்லர் தலைமையிலான குழு, புதுக் கன்சோல் வேண்டாம், ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் ஜெனிசிஸ் மேலேயே செருகிக்கொள்ளும் ஒரு துணைக்கருவி போதும் என்று முடிவு செய்தது. அமெரிக்காவில் 1994 நவம்பர் 21-ஆம் தேதி, 159 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மறுநாளே, நவம்பர் 22, ஜப்பானில் செகா சாட்டர்ன் விற்பனை தொடங்கிவிட்டது. 1995 மே மாதம் சாட்டர்ன் அமெரிக்காவுக்கும் வந்தது. அதே கம்பெனியின் அடுத்த கன்சோல் கடையில் இருக்கும்போது 32எக்ஸ்-க்கு யார் விளையாட்டு செய்வார்கள்? 1996-இல் கதை முடிந்தது.

அப்புறம், கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பத்தி. ஜெனிசிஸ்-இல் பின்னணியையும் ஸ்பிரைட்டுகளையும் (திரையில் நகரும் தட்டை உருவங்கள்) வரைந்து நகர்த்துவதற்கென்றே தனி சிப் உண்டு. 32எக்ஸ்-இல் அப்படி எதுவும் கிடையாது. 23 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு ஹிட்டாச்சி எஸ்ஹெச்-2 பிராசசர்கள், படத்தை வைக்க இரண்டு நினைவகப் பலகைகள், அவ்வளவுதான். அச்சை உருட்டிக் கோலம் போடுவது ஜெனிசிஸ் என்றால், புள்ளி வைத்து இழை இழையாகக் கையால் போடுவது 32எக்ஸ். கையால் போடுவதால் நிறம் 32,768 வரை போகலாம், வடிவம் எப்படி வேண்டுமானாலும் வளையலாம். ஆனால் திரை முழுக்கச் சாதாரண ஸ்பிரைட்டுகளை ஓட்டினால் மூச்சு வாங்கும். கடைசியில் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து டிவிக்குப் போகும். இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொண்டு, பாலிகன் (முப்பரிமாண உருவங்களை ஆக்கும் கோணத் துண்டுகள்) கணக்கை 32எக்ஸ்-க்கும் தட்டையான பின்னணியை ஜெனிசிஸ்-க்கும் கொடுத்தவர்கள் ஜெயித்தார்கள்.

அதற்கு முதல் சாட்சி விர்ச்சுவா ரேசிங் டீலக்ஸ். இதே பந்தயத்தை அதே 1994-இல் ஜெனிசிஸ்-க்குக் கொண்டுவர, கார்ட்ரிட்ஜுக்குள் (விளையாட்டு இருக்கும் செருகு பெட்டி) தனியாக ஒரு சிப் வைத்து, ஏறக்குறைய 100 டாலருக்கு விற்க வேண்டியிருந்தது. 32எக்ஸ் பதிப்பில் அது நிம்மதியாக ஓடுகிறது. ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் கடை இயந்திரம்) இருந்த மூன்று பாதைகளோடு இரண்டு புதுப் பாதைகள், ஃபார்முலா கார் போக இன்னும் இரண்டு வகைக் கார்கள். ஒவ்வொரு காரும் வளைவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை ஆடுங்கள்.

விர்ச்சுவா ஃபைட்டர் என்ற சண்டை விளையாட்டு 1995 இறுதியில் வந்தது, ரொம்பத் தாமதம். சாட்டர்ன் பதிப்பைவிடப் பாலிகன்கள் குறைவு. ஆனால் சாட்டர்ன்-இல் முதலில் வந்த பதிப்பில் உடம்பின் துண்டுகள் மினுக்கி மறையும் தொல்லை இருந்தது. இதில் அது கண்ணை உறுத்தாது. அதில் வரும் அகிரா என்ற வீரரின் முழங்கை அடி விழும்போது வரும் கனம் அப்படியே இருக்கிறது. துணைக்கருவி ஒன்று இதைச் செய்தது என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

யாரும் அதிகம் பேசாத ஷேடோ ஸ்குவாட்ரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்வெளிச் சண்டை. பாலிகன்களில் டெக்ஸ்சர் (மேலே ஒட்டும் படம்) கிடையாது, வெறும் நிறம்தான். அதனாலேயே தொலைவில் வரும் பெரிய போர்க்கப்பல் துல்லியமாகத் தெரியும். அதன் பக்கவாட்டில் உரசிக்கொண்டு பறக்கும்போது அளவு உறைக்கும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் சுடலாம். கருவியோடு முதல் நாளே வந்த ஸ்டார் வார்ஸ் ஆர்கேடிலும் இந்த வசதி உண்டு, ஆனால் எனக்கு ஷேடோ ஸ்குவாட்ரன்தான் ஒரு படி மேல். ராட்சத ரோபோவை ஊருக்குள் நடத்திச் சுடும் மெட்டல் ஹெட் பார்க்க அழகு, ஆடக் கொஞ்சம் மெதுவு.

சரி, அரக்கர்களைச் சுடும் டூம் விளையாட்டுக்கு வருவோம். எல்லோரும் 32எக்ஸ்-ஐத் திட்ட எடுக்கும் முதல் ஆயுதம் அதுதான். டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கே உட்கார்ந்து வேலை செய்தும், கருவி வெளியாகும் நாளுக்குள் முடிக்க வேண்டிய கட்டாயம். அசல் 27 லெவல்களில் 17 தான் இருக்கின்றன. படம் திரையை நிரப்பாமல் சட்டத்துக்குள் ஓடுகிறது. இசை காதில் விழ முடியாத அளவுக்கு மோசம். எனக்கு மிகவும் உறுத்துவது அரக்கர்கள்: இடம் மிச்சம் பிடிக்க அவற்றின் முன்பக்கப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் பின்னால் போய் நின்றாலும் இம்ப் என்ற அரக்கன் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அது எந்தப் பக்கம் நடக்கிறது, நம்மைக் கண்டுவிட்டதா என்று தெரியாது. பதுங்கிப் போய்ச் சுடும் சுகமே போய்விடுகிறது.

ஆனால் கருவியால் இவ்வளவுதான் முடியும் என்று நினைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ரசிகர்கள் சேர்ந்து டூம் ரெசரக்‌ஷன் என்று ஒரு பதிப்பைச் செய்து இலவசமாக விட்டார்கள். அதே 32எக்ஸ், அதே இரண்டு பிராசசர்கள். படம் பெரிதாகியிருக்கிறது, அரக்கர்கள் திரும்புகின்றன, விடுபட்ட லெவல்கள் வந்திருக்கின்றன, இசை இசையாகக் கேட்கிறது. அசலை ஒரு லெவல் ஆடிவிட்டு உடனே இதைப் போட்டுப் பாருங்கள். 1994-இல் பற்றாக்குறை எதில் இருந்தது என்று அதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

நக்கிள்ஸ் கயாடிக்ஸ் பற்றி இரண்டு அபிப்பிராயமும் உண்டு, எனக்கு அது பிடிக்கும். 1995-இல் வந்தது. செகாவின் ஓட்டக்கார நாயகன் சோனிக்கின் உலகம்தான், ஆனால் சோனிக் இல்லை. நக்கிள்ஸ், எஸ்பியோ, மைட்டி, வெக்டர், சார்மி ஆகியோர் இருக்கிறார்கள். நீங்களும் உங்கள் கூட்டாளியும் மீள்சக்தியுள்ள ஒரு கட்டால் பிணைக்கப்பட்டிருப்பீர்கள். கூட்டாளியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்திவிட்டு நீங்கள் முன்னால் ஓடினால் கட்டு இழுபடும், கால் வழுக்கும், விட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து பறப்பீர்கள். சரிவின் அடியிலிருந்து இதைச் சரியாகச் செய்தால், எந்த சோனிக் விளையாட்டிலும் கிடைக்காத வேகம் கிடைக்கும். குறை என்னவென்றால், அந்த வேகத்தைச் செலவழிக்க வேண்டிய மேடைகள் பரந்து கிடக்கின்றன, எதிரிகளோ ஆபத்தோ அதிகம் இல்லை. இன்னும் ஆறு மாதம் கொடுத்திருந்தால் இந்த யோசனைக்கு ஏற்ற மேடைகளும் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நிறங்களைப் பாருங்கள், அவ்வளவு அடர்த்தி. பாலிகனில் செய்த சிறப்பு மேடைகளையும் தவறவிடாதீர்கள்.

கொலிப்ரி என்றொரு விசித்திரம் உண்டு. எக்கோ த டால்ஃபின் செய்த ஹங்கேரிக்காரர்கள், நோவோட்ரேட், செய்தது. நீங்கள் ஒரு ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்). பூவிலிருந்து சக்தி எடுத்து, பூச்சிகளைச் சுட்டுக்கொண்டு காடு, குகை என்று போக வேண்டும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பல இடங்களில் புரியாது, அது எரிச்சல்தான். ஆனால் இலைகளின் பச்சைக்காகவே நான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

ஸ்பேஸ் ஹேரியர், ஆஃப்டர் பர்னர் கம்ப்ளீட் இரண்டும் 80-களின் ஆர்கேடிலிருந்து நேராக இறங்கியவை, ருட்டுபோ கேம்ஸ் செய்த வேலை, இரண்டுமே சுத்தம். பிளிஸார்டின் பிளாக்தார்ன் பதிப்பில் அப்போது வேறெங்கும் இல்லாத பனிப் பகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது. நண்பர்கள் கூடினால் என்பிஏ ஜாம் டீஈ என்ற கூடைப்பந்து.

மீதியை வேகமாகத் தாண்டிவிடலாம். காஸ்மிக் கார்னேஜ் சண்டை விளையாட்டு, வேண்டாம். பேஸ்பால், மல்யுத்தம் எல்லாம் பெரும்பாலும் ஜெனிசிஸ்-இல் இருந்ததே. 40-இல் ஆறு, ஜெனிசிஸ்-இல் இணைக்கும் சிடி ஓட்டியான செகா சிடி கருவியும் சேர்ந்து இருந்தால்தான் ஓடும்: நைட் ட்ராப், கார்ப்ஸ் கில்லர், ஃபாரன்ஹீட், ஸ்லாம் சிட்டி, சுப்ரீம் வாரியர், பிரேசிலில் மட்டும் வந்த சர்ஜிக்கல் ஸ்ட்ரைக். ஆறும் வீடியோக் காட்சி விளையாட்டுகள். செகா சிடியில் 64 நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த முகங்கள் இதில் முகமாகத் தெரியும் என்பதுதான் வித்தியாசம். எலைட் என்ற விண்வெளி விளையாட்டால் புகழ்பெற்ற டேவிட் பிரேபன் செய்த டார்க்ஸைட் ஐரோப்பாவில் மட்டும் வந்தது. விண்கற்களுக்கு நடுவே பறந்து சுடுவது, டெக்ஸ்சர் போட்ட பாறைகள் நன்றாகச் சுழலும். கார்ட்ரிட்ஜாகத் தேடினால் விலை கேட்டே தலை சுற்றும், எமுலேட்டர் போதும்.

எமுலேட்டரில் பிகோடிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரண போனிலேயே ஓடுகிறது. நிஜக் கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: 32எக்ஸ்-க்குத் தனி பவர் அடாப்டர் வேண்டும், ஜெனிசிஸ்-இன் படத்தை அதற்குள் கொண்டுபோகும் சிறு இணைப்புக் கேபிளும் வேண்டும். பழைய சாமான் விற்பவர்களிடம் பெரும்பாலும் அந்தக் கேபிள்தான் தொலைந்திருக்கும். அது ஜெனிசிஸ் முதல் மாடலுக்கு ஒரு மாதிரி, இரண்டாம் மாடலுக்கு வேறு மாதிரி என்பதால், உங்களிடம் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.