முந்தானையில் முடிந்த மிட்டாய்

அன்புள்ள அக்கா,

மதுரையிலிருந்து எழுதுகிறேன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு நாலரை வயது. எல்.கே.ஜி. முடிந்து பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால், நாங்கள் வரும்வரை அவனுக்கு எல்லாமே அவன் அப்பத்தாதான். ராத்திரி தூங்குவதும் அவரோடுதான்.

போன மாதம் பல் வலி என்று ராவெல்லாம் அழுதான். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டிலும் சொத்தை நரம்புவரை போய்விட்டது என்றார் டாக்டர். வேர் சிகிச்சை செய்து இரண்டுக்கும் கேப் போட்டோம். இனிமேல் இனிப்பைக் குறைக்காவிட்டால் மற்ற பற்களும் போகும் என்றார். வீட்டுக்கு வந்ததும் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சீனி டப்பாவை எங்கள் அறை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஒன்றும் மாறவில்லை. மாமியார் தனியாகச் சீனி வாங்கி வைத்துக்கொண்டார். காலையும் மாலையும் மால்ட் பவுடர் கலந்த பால், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. க்ரீம் பிஸ்கட். பெட்டிக் கடையிலிருந்து மாம்பழ ஜூஸ் பாக்கெட், ஜெல்லி. முந்தானையில் எப்போதும் நாலு மிட்டாய் முடிந்திருக்கும். ராத்திரி தூங்க இன்னும் பாட்டிலில் சீனிப் பால். கேட்டால், "உம் புருசனயும் நாந்தான் வளத்தேன், அவன் என்ன கொறஞ்சு போயிட்டான்?" என்கிறார். இப்போது நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டாராம், அது உடம்புக்கு நல்லதாம். அவருக்கே பல வருடமாகச் சுகர் இருக்கிறது.

போன வாரம் மகனுடைய தலையணை உறைக்குள் மிட்டாய்த் தாள்களைப் பார்த்தேன். "அம்மாட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பத்தா சொல்லுச்சு" என்றான். அன்றைக்கு நான் கத்திவிட்டேன். அவர் அழுதார், ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கணவர், "வயசானவங்க, விடு, அவங்கதான பாத்துக்கிறாங்க" என்கிறார். நான் ஐந்து மாதக் கர்ப்பம். வரப்போகும் பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கப்போவது தானே என்று மாமியார் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகனைக் கிரெச்சில் சேர்த்துவிடலாமா? சம்பளம் வாங்காமல் பிள்ளை பார்க்கிறவரிடம் குறை கண்டுபிடிக்கும் நன்றி கெட்டவளா நான்?

க., மதுரை

*

அன்புள்ள க.,

நன்றி கெட்டவர் இல்லை நீங்கள். நாலரை வயதுப் பிள்ளை ஈறில் ஊசி வாங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்த தாய் கத்தத்தான் செய்வாள்.

சீனி விஷயத்தில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம்தான். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. உங்கள் மகன் வயதுக்கு அது அதிகம் போனால் ஏழு டீஸ்பூன். மூன்று, நான்கில் நின்றால் நல்லது. நீங்கள் எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்தேன். பகலில் பாலில் போடுகிற சீனியே நான்கு ஸ்பூன். ராத்திரி பாட்டில் தனி. பல மால்ட் பவுடர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான். சின்ன ஜூஸ் பாக்கெட்டில் நான்கைந்து ஸ்பூன் இருக்கும். பிஸ்கட், ஜெல்லி, முந்தானை மிட்டாய் எல்லாம் சேர்ந்தால் பதினைந்தைத் தொட்டுவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதற்கும் இந்தக் கணக்கில் விலக்குக் கிடையாது.

ஆனால் பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதுதான் முக்கியம். மாமியாரிடம் பேச உங்களுக்கு இது உதவும். இனிப்பு வாயில் பட்டதும் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அரை மணி நேரம்போல அந்த அமிலம் பல்லை அரிக்கும். அதன்பின் எச்சில் மெல்ல மெல்லச் சரிசெய்யும். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் பாயசம் குடித்தால் இது ஒரு தடவை நடக்கிறது. மணிக்கொரு மிட்டாய் தின்றால் எச்சிலுக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. எல்லாவற்றிலும் மோசம் அந்த ராத்திரி பாட்டில்தான். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். சீனிப் பால் விடிய விடியப் பல்லில் தங்கும். பால் பல்லின் எனாமல் மெல்லியது, அதனால் சொத்தை சீக்கிரம் நரம்பைத் தொட்டுவிடும். "விழுந்து மொளைக்கிற பல்லுதான" என்று அவர் சொல்லக்கூடும். கடைவாய்ப் பால் பற்கள் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை அவன் மெல்ல வேண்டியது அவற்றால்தான்.

உங்கள் வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது என்று நினைக்கிறேன். பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட்டோ ஜூஸோ உள்ளே போய்விடும். மத்தியானம் சோறு இறங்காது. "பிள்ள சோறே திங்கல" என்று அவருக்கு மனசு கேட்காமல் சாயங்காலம் இன்னும் கெட்டியாகப் பால் ஆற்றுவார். அந்தப் பாலால் ராத்திரி தோசையும் இறங்காது. சோறும் பருப்பும் கீரையும் போகவேண்டிய வயிற்றைப் பாலே நிறைத்துவிட்டால் இரும்புச்சத்துக்கு வழியில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மகனுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மாமியார். அவர் வயதை நீங்கள் எழுதவில்லை, அறுபதைத் தாண்டியவர் என்று வைத்துக்கொள்கிறேன். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூற்றுக்கு மேல் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. 2020-ல் அது 13. அவர் சிறுமியாக இருந்த தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருந்திருப்பாள். ஒல்லிப் பிள்ளையைப் பார்த்தால் அந்தத் தலைமுறைக்கு அடிவயிற்றில் ஒரு பயம் வரும், அதை எந்த டாக்டர் சீட்டும் சட்டென்று எடுத்துவிடாது. சீனியும் அன்றைக்குத் தாராளமாகக் கிடைத்த பொருள் இல்லை. ரேஷன் அட்டைக்கு அளந்து போடுவார்கள். வீட்டு ஆட்களுக்குக் கருப்பட்டிக் காபி, விருந்தாளி வந்தால் மட்டும் சீனிக் காபி என்பது நம் பக்கத்து வழக்கம். மனசுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் எடுத்து வைத்த பொருளைத்தான் அவர் இன்று பேரன் வாயில் போடுகிறார். இன்று அதே சீனி மூட்டை மூட்டையாக வீட்டுக்குள் வந்து கிடக்கிறது, பிஸ்கட்டாக, பவுடராக, ஜூஸாக. எடுத்துக் கொடுக்கும் கை மட்டும் அந்தப் பழைய கை.

அந்தப் பவுடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் குடித்தால் பிள்ளை வளரும், பலசாலி ஆகும், பரீட்சையில் முதலாவதாக வரும் என்று டிவி அவருக்குப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது 2024 ஏப்ரலில்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது காரணம். அந்தச் செய்தி எந்த அப்பத்தாவின் காதுக்கும் போய்ச் சேரவில்லை. காசு வாங்கிக்கொண்டு பொய் சொன்னவர்களை விட்டுவிட்டு, நம்பி வாங்கியவர்மேல் மட்டும் கோபப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்களோடு நான் உடன்படாத இடம் ஒன்று உண்டு. அந்தத் தாளும் அந்தப் பூட்டும். பகல் முழுவதும் அந்த அடுப்படியில் நிற்பவர் அவர். அவர் முகத்துக்கு நேரே சீனி டப்பாவைப் பூட்டினால் அது சீனிக்குப் போட்ட பூட்டாக அவருக்குத் தெரியாது. "இந்த வீட்டுல எனக்கு ஒரு டப்பா தொடக்கூட உரிமையில்ல" என்று பக்கத்து வீட்டில் சொல்லி அழுதிருப்பார், சந்தேகமே இல்லை. கடையில் தனியாகச் சீனி வாங்கியது அதற்குப் பதில்தான். சுகர் வந்தபின் அவர் வாய்க்கும் இனிப்பு இல்லை. மகன் கொடுக்கும் கைச்செலவுக் காசில் தன் இஷ்டத்துக்கு அவர் வாங்குகிற ஒரே பொருள் அந்த மிட்டாயாக இருக்கலாம். மத்தியானம் பேரன் ஓடிவந்து முந்தானையைப் பிடித்து முடிச்சை அவிழ்க்கும்போது அவர் அடைகிற சந்தோஷத்துக்குப் பதிலாக நீங்கள் எதையும் வைக்கவில்லை.

ஆகவே பூட்டைத் திறங்கள், தாளைக் கிழியுங்கள். இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நில்லுங்கள். ஒன்று, ராத்திரி பாட்டில் இந்த வாரத்தோடு நிற்க வேண்டும். நாலைந்து ராத்திரி அழுவான். அந்த நாட்களில் அவனை நீங்களும் கணவரும் உங்கள் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள், அந்த அழுகையை அவர் தலையில் கட்டாதீர்கள். இரண்டு, இடைத்தீனியாக இனிப்பு வேண்டாம், சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். எதைக் கொடுப்பது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். ஒருநாள் பாயசம், ஒருநாள் கடலை உருண்டை. முந்தானை முடிச்சும் இருக்கட்டும். அதில் பொரிகடலை, வறுத்த வேர்க்கடலை, பேரீச்சை என்று மாறட்டும். பேரீச்சையும் ஒட்டும், அதனால் அளவாக. வேர்க்கடலையைப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக மெல்லச் சொல்லித் தரட்டும். முடிச்சை அவிழ்க்கிற சந்தோஷம் பேரனுக்குக் குறையாது.

மிட்டாயைவிட எனக்குப் பயம் தந்தது தலையணை உறை. "அம்மாட்ட சொல்லாத" என்பதில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரியவர் ஒருவர் தின்பண்டம் கொடுத்து, வீட்டில் சொல்லாதே என்றால் அதை வாங்கக் கூடாது, உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதானே பிள்ளைகளின் பாதுகாப்புக்கு முதல் பாடமாகச் சொல்கிறோம்? உங்கள் மகனுக்கு அதற்கு நேர்மாறான பழக்கம் படிந்துகொண்டிருக்கிறது. நாளை வேனிலோ டியூஷனிலோ வேறு யாராவது அதே வார்த்தையைச் சொன்னால், அது அன்பாக இருப்பவர்கள் பேசும் பேச்சு என்று நினைத்துக்கொள்வான். இதைக் கோபமில்லாமல் மாமியாரிடம் அப்படியே சொல்லுங்கள். "அத்தை, நீங்க குடுக்குறத எனக்குத் தெரிஞ்சே குடுங்க, நான் கத்த மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பல் சொத்தைக்கு மசியாத அப்பத்தாக்கள் இதற்கு மசிவார்கள். பேரனுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம் உங்களைவிட அவர்களுக்குக் குறைவில்லை. மகனிடமும் சொல்லுங்கள், அப்பத்தா என்ன கொடுத்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், அம்மா திட்ட மாட்டேன் என்று. அவன் சொன்ன அன்று முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது.

உங்கள் கணவரைப் பற்றி நான்கு வரிகூட நீங்கள் எழுதவில்லை. நடுவில் நிற்க வேண்டியவர் ஒதுங்கிக்கொண்டதால்தான் இது மாமியார் மருமகள் சண்டையாகிவிட்டது. மருமகள் சொன்னால் அது குற்றச்சாட்டு, மகன் சொன்னால் அது பேச்சு, நம் வீடுகள் அப்படித்தான். அடுத்த தடவை பல் டாக்டரிடம் போகும்போது நீங்கள் வேலைக்குப் போங்கள். கணவரும் அவர் அம்மாவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். எக்ஸ்-ரேயைப் பார்த்து டாக்டர் விளக்குவதை அவர் நேரில் கேட்கட்டும்.

சேனை பற்றி எழுதியிருந்தீர்கள். தேன் மட்டும் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியால் பச்சைப்பிள்ளையின் தசைகள் செயலிழந்துபோகும் ஆபத்து உண்டு. சீனித் தண்ணியும் வேண்டாம், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். ஆனால் சேனை வைக்கும் உரிமையை அவரிடமிருந்து பறிக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உங்கள் பாலிலேயே ஒரு சொட்டு அவர் விரலால் தொட்டு வைக்கட்டும். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், அதற்குப் பால் போதும்.

வரப்போகும் பிள்ளைக்காக இன்னொரு செய்தி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனிலும் சீனி ரேஷனில்தான் கிடைத்தது. 1953 செப்டம்பரில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்ததும் மக்கள் தின்ற சீனி ஏறக்குறைய இரட்டிப்பானது. கருவிலிருந்து இரண்டு வயதுவரை ரேஷன் காலத்தில் கழித்தவர்களையும் அதற்குப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ரேஷன் பிள்ளைகளுக்குப் பெரியவர்களானபின் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதமும், ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 20 சதவீதமும் குறைவாக இருந்தன. அங்கே யாரும் சீனியைத் தடை செய்யவில்லை, அளந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் நீங்கள் இப்போது குடிக்கிற காபியும் சேர்த்தி. மாமியாரிடம் இதைச் சொல்லும்போது ரேஷன் கடையிலிருந்து தொடங்குங்கள். அளந்து கிடைத்த சீனியில் பிள்ளை வளர்த்தவர் அவர், அது எப்படி என்று அவரிடமே கேளுங்கள்.

கிரெச் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் ஒருவரால் இருவரையும் பார்ப்பது சிரமம், சுகர் உள்ளவருக்கு இன்னும் சிரமம். அந்தக் காரணத்துக்காகப் பாதி நாள் சேர்ப்பதென்றால், அவரையும் உட்காரவைத்து, அவருக்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்லிச் சேருங்கள். மிட்டாய் கொடுத்ததற்குத் தண்டனையாக வேண்டாம், கத்திய வாரத்தில் வேண்டாம். பாட்டிலை நிறுத்துங்கள், டாக்டரிடம் ஒருதரம் அவர்கள் போய்வரட்டும், இரண்டு மாதம் பாருங்கள். அதன்பின் முடிவெடுக்கலாம்.

அன்புடன்.