மூன்று முதலை போதாது

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்குள் முப்பது கதைப் புத்தகங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் எழுதி வர வேண்டும் என்று பள்ளியில் வாசிப்புச் சவால் வைத்திருக்கிறார்கள். பாதி விடுமுறை போய்விட்டது. நான்கு புத்தகங்களைத் தாண்டவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று சுருக்கங்களை நானே எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து எழுதக்கூட மாட்டேன் என்கிறான். கைப்பேசியை எடுத்தால் கீழே வைப்பதில்லை. முன்பெல்லாம் இப்படி இல்லை. சில மாதங்களுக்கு முன், படித்த கதையில் ஒரு காட்சியைக் காலணிப் பெட்டிக்குள் செய்து வரச் சொன்னபோது, சருகுமான் முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடந்த கதையை ஆசையாகச் செய்தான். காய்ந்த செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டையை வெட்டி ஏழு முதலைகள் செய்திருந்தான். பார்க்க ஒரே குப்பையாக இருந்தது. ஏழு எதற்கு, மூன்று போதாதா என்று கேட்டதற்கு அழுதான். அவன் தூங்கிய பிறகு அதை எறிந்துவிட்டு, கடையில் வாங்கிய முதலைப் பொம்மைகளையும் மினுக்குத் தாளையும் வைத்து இரவு ஒரு மணி வரை நானே செய்து முடித்தேன். முதல் பரிசு கிடைத்தது. (அந்தப் பொட்டலத்தை அவன் இன்னும் பிரிக்கவே இல்லை, அலமாரி மேல் கிடக்கிறது. அவ்வளவு அலட்சியம்.) கணவர் செம்பனை ஆலையில் இரவு பகல் மாறிமாறி வேலை செய்பவர். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் எழுத்துத் தெரியாதவர், உதவிக்கு ஆக மாட்டார். என்ன பரிசு கொடுப்பதாகச் சொன்னால் இவன் படிப்பான்? சைக்கிள் வாங்கித் தரலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சைக்கிள் பேச்சைச் சற்று ஒதுக்கி வையுங்கள், அம்மா. அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பரிசுப் பொட்டலத்தைப் பையன் இன்னும் பிரிக்கவில்லை என்று, உங்கள் கடிதம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. பளபளக்கும் தாள் சுற்றிய பொட்டலம் கைக்கு வந்தால், ஒன்பது வயதுப் பிள்ளை பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் அதன் ஓரத்தைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடும். உங்கள் மகனோ மாதக் கணக்கில் அதைத் தொடாமல் வைத்திருக்கிறான். நீங்கள் அதற்கு அலட்சியம் என்று பெயர் வைத்துவிட்டீர்கள். அந்தப் பொருள் தன்னுடையதன்று என்பது அவனுக்குத் தெரியும். பிறர் பொருளில் கை வைக்கக் கூடாது என்று யாரோ அவனுக்கு நன்றாகச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அநேகமாக அது நீங்களாகத்தான் இருக்கும்.

அந்தக் கதையை நீங்கள் ஒரு முறையாவது படித்துப் பார்த்தீர்களா? மலாய்க்காரர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் சாங் கஞ்சில் கதை அது. அக்கரையில் பழுத்துத் தொங்கும் பழங்களுக்கு ஆசைப்பட்ட சருகுமான், அரசர் விருந்து வைக்கப் போகிறார், உங்களை எண்ணி வரச் சொன்னார் என்று முதலைகளிடம் பொய் சொல்லி, இக்கரையிலிருந்து அக்கரை வரை அவற்றை வரிசையாகக் கிடக்க வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே முதுகுக்கு முதுகு தாவிக் கடந்துவிடும். வரிசை கரையைத் தொட்டால்தான் கதை நிற்கும். அவன் வெட்டிய மட்டைத் துண்டுகள் பெட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எட்ட ஏழு வேண்டியிருந்திருக்கும். அதனால் ஏழு செய்திருக்கிறான். நீங்கள் மூன்று போதாதா என்று கேட்டீர்கள். உங்கள் ஆற்றில் அந்தச் சருகுமான் நடுவழியில் தண்ணீருக்குள் விழுந்திருக்கும், மீதிக் கதையை முதலைகளே முடித்திருக்கும். பிள்ளை அழுததற்குக் காரணம் பிடிவாதமன்று. கதையைப் படித்தவன் அவன். பரிசு வாங்கியவர் நீங்கள்.

செம்பனைக் காட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் அந்த மட்டையைக் குப்பை என்று எழுதியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மட்டையின் அடிப்பகுதியை எடுத்துப் பாருங்கள்: இரண்டு விளிம்பிலும் வரிசையாக முள், காய்ந்தபின் பழுப்பும் சாம்பலுமாகச் சொரசொரத்துப் போன தோல். முதலையின் முதுகுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை ஈப்போவுக்கே போய்க் கடை கடையாக ஏறி இறங்கினாலும் வாங்க முடியாது. படைப்பாற்றல் வளர வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, அது ஓர் இரவு உங்கள் வீட்டு வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்தது. நீங்கள் அதைப் பெருக்கி வாரிக் கொட்டிவிட்டு, இரண்டு ரிங்கிட் கடைப் பொம்மையைக் கொண்டுவந்து வைத்தீர்கள்.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. தோட்டப்புறப் பள்ளிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஒருமுறை காகிதத்தால் செய்த மயில் ஒன்றை, அதன் அழகில் மயங்கி, வகுப்பின் முன்னால் வைத்து, கொண்டு வந்த சிறுமியை எழுப்பி, இந்தத் தோகையை எப்படி மடித்தாய் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வியை அத்தோடு விட்டுவிட்டுப் பரிசை அவளிடமே கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அது இரக்கமாகத் தெரிந்தது. தப்பித்துக்கொள்ளும் வழியை ஒரு குழந்தைக்கு நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. தாயின் கை எது, பிள்ளையின் கை எது என்பது எந்த ஆசிரியருக்கும் பார்த்தவுடன் தெரியும். தெரிந்தும் பரிசு கொடுக்கிறவர்கள் இருக்கும்வரை, இரவு ஒரு மணிக்குப் பசை தடவும் அம்மாக்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

இப்போது அந்த முப்பது சுருக்கங்களுக்கு வருகிறேன். நம் பள்ளிகளில் கல்வி அமைச்சு 1999இல் தொடங்கிய நிலாம் வாசிப்புத் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், சுருக்கம் என்று பிள்ளை பதிந்து வருவது எதற்காக? ‘நாடி இல்மு அமாலான் மெம்பாச்சா’ என்ற அதன் மலாய் விரிவிலேயே வாசிக்கும் பழக்கம் என்பதுதான் இருக்கிறது; எண்ணிக்கை என்ற சொல் அதில் இல்லை. நம் வீடுகளில் எண்ணிக்கைதான் மிஞ்சியது. 2021இல் ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை எடுத்துவிட்டார்கள் என்றதும், இனியாவது பிள்ளைகளை மூச்சுவிட விடுவோம் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ‘ஏ’க்களை எண்ணுவதை விட்ட கையோடு கோப்பைகளையும் சான்றிதழ்களையும் எண்ண ஆரம்பித்துவிட்டோம். உங்கள் கையால் சுருக்கம் எழுதி, அவன் கையால் பிரதி எடுக்க வைத்து, அவன் பெயரைப் போட்டு அனுப்புவதற்கு நான் என்ன சொல் வைப்பேன் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளை அதைப் பார்த்து எழுத மறுக்கிறான் என்று என்னிடம் முறையிடுகிறீர்கள். அவன் மறுக்காமல் உட்கார்ந்து எழுதியிருந்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

ஆகவே என்ன பரிசு கொடுக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், ஏற்கெனவே இருக்கும் பரிசைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே. பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் செல்லுங்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் பேச வேண்டியவர் நீங்கள். இதை நான் செய்தேன், இவன் செய்ததை நான் எறிந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். அதற்கு முன், வீட்டில், அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும். என் தந்தையே அப்படிப்பட்டவர்தான். தாய் தன் தவற்றை ஒப்புக்கொள்ளாத வீட்டில் பிள்ளை உண்மையை எங்கே போய்க் கற்கும் என்று நான் அவரிடம் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

முப்பது புத்தகத்தையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். இவன் தானாகப் படித்துத் தன் கையெழுத்தில் எழுதியது பத்தோ பன்னிரண்டோதான் என்றால் அதையே காட்டுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். லகர ளகரத் தவற்றைத் திருத்துவதற்கு ஆசிரியர் இருக்கிறார். ஐம்பதுகளில் சிங்கப்பூரின் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்ற மலர் வீடு தேடி வந்த காலத்தைப் பற்றி என் மூத்த அக்காள் இன்றும் பேசுவார். தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டு, தங்கள் பெயர் அச்சில் வந்ததா என்று தேடுவார்களாம். தான் எழுதியதற்குக் கீழே தன் பெயர் இருப்பதில்தான் அந்தப் பிள்ளைகளுக்கு ருசி இருந்தது.

உங்கள் மாமியார் எழுத்துத் தெரியாதவர், உதவிக்கு ஆக மாட்டார் என்கிறீர்கள். இதையும் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொல்லியும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், அம்மாவோடு ரப்பர் பால் பிடிக்கும் மங்கு துடைக்கவும் வீட்டிலும் காட்டிலுமே நின்றுவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவரும் அப்படி ஒருவராக இருக்கக்கூடும். எழுத்துத் தெரியாத பாட்டி இருக்கும் வீட்டில்தான் படிக்கத் தெரிந்த பேரனுக்கு வேலை இருக்கிறது. சாயங்காலம் பசியாறிய பிறகு, பதினைந்து நிமிடம், அவன் பாட்டிக்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். சவால் என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். அது பேரனுடைய கடமை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாமே படிக்கப் போவதில்லை. அவன் வாசித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு பக்கத்தைத் தாண்டிக் குதித்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். ஏன் அந்தக் குரங்கு திடீரென்று மரத்துக்கு மேலே போனது என்று கேட்பார். உங்கள் சுருக்கத்தைவிட அந்தக் கேள்வி அவனைக் கவனமாகப் படிக்க வைக்கும். ஒரே கதையை நான்கு நாள் வாசித்தாலும் தடுக்காதீர்கள். திரும்பத் திரும்பப் படிப்பதில்தான் திக்கல் போய், வாசிப்பு சரளமாகும்.

புத்தகத்தை அவனே எடுக்கட்டும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துவிடலாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. நமக்கு மட்டும் என்ன, வாங்கிய எல்லாவற்றையும் முடித்தா வைக்கிறோம்?

கைவேலை வேண்டும் என்றால், பாட்டியையே கேட்டு ஓர் அகராதி செய்யச் சொல்லுங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். நிரை, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், பெரட்டு, ஆயாக் கொட்டகை என்று, ரப்பர்த் தோட்டத்துச் சொற்களில் ஒரு பக்கத்துக்கு ஒன்று. பாட்டி சொன்ன பொருளை அவன் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பக்கத்தில் படம் போட வேண்டும். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நின்ற கதை தானாகவே கூட வரும். ஆயாக் கொட்டகையில் தொட்டில் எந்தப் பக்கம் கட்டியிருந்தது என்று படம் வரைவதற்காக அவன் கேட்பான், அவர் எழுந்து வந்து கையால் காட்டுவார். இந்தச் சொற்களில் பலவற்றை உங்களுக்கே இப்போது விளக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். அந்த நோட்டில் நீங்கள் ஒரு கோடுகூடப் போடக் கூடாது.

கைப்பேசியைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குப் பிறகு உங்களுடையதும் அவனுடையதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். சைக்கிள் அவனுக்குத் தேவை என்றால், கையில் காசு இருந்தால், வாங்கிக் கொடுங்கள். புத்தகத்தோடு அதைக் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கடையில் ஒரு புதுக் காலணிப் பெட்டியைக் கேட்டு வாங்கி அவனிடம் கொடுங்கள். சருகுமான் பழம் தின்று முடித்தாயிற்று, இப்போது அது வீடு திரும்ப வேண்டும், ஏமாந்த முதலைகள் ஆற்றிலேயே காத்துக் கிடக்கின்றன, எப்படித் திரும்பும் என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுங்கள். எத்தனை முதலை வேண்டும் என்று அவனே முடிவு செய்வான். மட்டையை வெட்டிக் கொடுக்கும் வேலையை மட்டும் அவன் அப்பாவுக்கு வேலையில்லாத நாளில் அவரிடம் விட்டுவிடுங்கள். செம்பனை முள் குத்தினால் சீழ் வைக்கும்.