ஒருமுறை குளிர்ந்த பை மறுபடி குளிருமா?

கேள்வி: சுளுக்குக்கு ஒத்தடம் கொடுக்க 'உடனடி ஐஸ் பை' வாங்கினேன். கசக்கியதும் ஜில்லென்று ஆனது. மறுநாள் எவ்வளவு கசக்கியும் குளிரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பையில் கோளாறு இல்லை. உள்ளே யூரியாவோ அம்மோனியம் நைட்ரேட்டோ குருணையாக இருக்கும். நடுவில் மெல்லிய உறையில் தண்ணீர். கசக்கும்போது உறை கிழிந்து குருணை கரைகிறது. கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிலிருந்தும் உங்கள் கணுக்காலிலிருந்தும் எடுத்துக்கொள்வதால்தான் அந்தக் குளிர்ச்சி. முழுக்கக் கரைந்ததும் வேலை முடிந்தது, பெரும்பாலும் 15, 20 நிமிடம்தான். பழையபடி குருணையாக்க வேண்டுமானால் தண்ணீர் மொத்தத்தையும் வற்றவைக்க வேண்டும். மூடிய பைக்குள் அது நடக்காது.

ஆகவே 'ஒருமுறை மட்டும்' என்று உறையில் இருந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை. 'திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்' என்று சொல்லி விற்றிருந்தால், தயங்காமல் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது பொய் விளம்பரம்.

தீர்ந்த பையை ஃப்ரீசரில் வைத்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். கரைசல் 0 டிகிரிக்குக் கீழே போனாலும் உறையாமல் நீராகவே இருக்கக்கூடும். பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும், ஆனால் தோலைப் புண்ணாக்கிவிடும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் ஜெல் பையே போதும். உடனடிப் பை பயணத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும்தான். குழந்தைகள் உள்ள வீடு என்றால் யூரியா உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பை கிழிந்து வாயில் பட்டால் அம்மோனியம் நைட்ரேட் அதிகக் கெடுதல். எந்தப் பையானாலும் நடுவில் ஒரு துணி வைத்தே ஒத்தடம் கொடுங்கள்.

கேள்வி: கையைச் சூடாக்கும் பொட்டலங்கள் வாங்கினேன். இரண்டு கல் போல இறுகி இருந்தன, சூடே வரவில்லை. மாற்றித் தருவார்களா?

பதில்: கேளுங்கள், நியாயம் உங்கள் பக்கம். அதில் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். காற்று பட்டதும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிறது, அந்த வெப்பம்தான் கையில் தெரிகிறது. வெளி உறையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பெட்டிக்குள்ளேயே துருப்பிடித்து முடிந்துவிடும். இறுகிப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். உறையைப் பிரிக்கும் முன்பே அழுத்திப் பாருங்கள், தூளாக நகர வேண்டும். இறுகியிருந்தால் பிரிக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள்.

பாதியில் சூடு போதும் என்றால் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவையுங்கள், மிச்சம் பிறகு உதவும். தூங்கும்போது மட்டும் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டாம். மிதமான சூடும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும்.

கேள்வி: உள்ளே இருக்கும் தகட்டைச் சொடுக்கினால் சூடாகும் பை, கொதிநீரில் போட்டு எடுத்தும் ஆறியதும் தானே கெட்டியாகிவிடுகிறது. திருப்பித் தரலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சோடியம் அசிட்டேட் பை அது, பலமுறை உழைக்கும். ஒரு சின்னப் படிகம் மிச்சம் இருந்தாலும் ஆறும்போது அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பையும் இறுகிவிடும். இன்னும் சிறிது நேரம் கொதிநீரில் விடுங்கள். தகட்டைச் சுற்றியும் மூலைகளிலும் வெள்ளையாகத் தெரிவது முழுக்க மறையும் வரை. பாத்திரத்தின் அடியில் ஒரு துணி போடுங்கள், பிளாஸ்டிக் நேராகச் சூட்டில் ஒட்டாது. அப்புறமும் தானே இறுகினால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.