பார்வை மங்குவதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா?

"அம்மாவுக்கு 70 வயது. பார்வை மங்குகிறது, மறதியும் கூடுகிறது. இரண்டும் ஒரே நோயா? மருந்து வந்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். பெங்களூரு அல்சூரில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகன். கண் மருத்துவருக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் நடுவே ஆறு ஆண்டுகளாக அலைந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 62 வயதில் தொடங்கியது. பேப்பர் படிக்கும்போது வரி தப்பிப்போகும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் அரை சாண் தள்ளிக் காற்றைப் பிடிப்பார். சுவர்க் கடிகாரத்தின் முன் நிற்பார். மணி என்னவென்று சொல்ல வராது. ஒன்றரை ஆண்டில் மூன்று முறை கண்ணாடி மாற்றினோம். கண்புரை அறுவையும் ஆயிற்று. அதன் பிறகும் "எழுத்து தெரிகிறது, சொல்தான் தெரியவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் குறை இல்லை, கண் அனுப்புவதைப் புரிந்துகொள்ளும் மூளையின் பின்பகுதிதான் சுருங்குகிறது என்றார். அல்சைமர் நோய் சிலருக்கு நினைவில் கைவைக்காமல் இப்படிப் பார்வையில்தான் தொடங்கும். 1988இல் பிராங்க் பென்சன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் இதை விவரித்தார். பெரும்பாலும் 50க்கும் 65க்கும் இடையில் தலைகாட்டும்.

உங்கள் அம்மாவுக்கு நடப்பது இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். கண்புரையோ கண் அழுத்த நோயோ முற்றியவருக்கு எதிரில் வருபவரின் முகம் பிடிபடாது, வைத்த சாவி கிடைக்காது. வீட்டார் அதற்கு மறதி என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் முதலில் கண்ணைக் காட்டுங்கள், விழித்திரையையும் சேர்த்து. சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறையை டிமென்ஷியாவுக்கான, அதாவது மறதி நோய்க்கான, 14 ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாக லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சேர்த்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. அறுவைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவுக்குப் பார்வை திரும்பும் என்றால் அது ஒன்றே போதாதா?

கண் நோயும் மறதி நோயும் ஒரே நோயா என்றால், இல்லை. உறவு மட்டும் உண்டு. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி, அதாவது மாகுலா, சிதையும்போது அதன் அடியில் மஞ்சள் திட்டுகள் சேர்கின்றன. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் அந்தத் திட்டுகளிலும் இருக்கிறது. ஆனால் அல்சைமர் வாய்ப்பை உயர்த்தும் ஏபிஓஇ4 என்ற மரபணு வகை மாகுலா சிதைவின் வாய்ப்பைக் குறைக்கிறது! இதை அறிந்த நாளிலிருந்து, இரண்டுக்கும் ஒரே மருந்து என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

மருந்துகள் வந்திருக்கின்றன. மாகுலா சிதைவின் ஈர வகைக்கு, கசியும் இரத்தக் குழாய்களை அடக்கும் ஊசியைக் கண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். நேராக இருக்கும் கதவு நிலை அம்மாவுக்கு வளைந்து தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கசிவு இல்லாத உலர் வகை முற்றியவர்களுக்காக 2023இல் அமெரிக்காவில் இரண்டு மருந்துகள் ஒப்புதல் பெற்றன. அவை சிதைவின் வேகத்தைத் தணிக்கும், போன பார்வையைத் தராது. அல்சைமருக்கான லெக்கனெமாப் மருந்தும் அதே ஆண்டு வந்தது. 18 மாத சோதனையில் நோயின் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். மூளையில் வீக்கமோ கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

இப்போது அவருக்கு எவர்சில்வர் தட்டில் போட்ட சோறு கண்ணில் படுவதில்லை, பாதியை வைத்துவிடுகிறார். வாரத்துக்கு ஒருமுறை கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து வாழை இலைக் கட்டு வாங்கி வருகிறேன். பச்சை இலையில் வெள்ளைச் சோறு அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தானே எடுத்துச் சாப்பிடுகிறார்.