பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பள்ளிக்கு அனுப்பலாமா?

வேலூர் வட்டாரப் பெற்றோரின் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவர் ஒருவரின் பதில்கள்

காட்பாடி: ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். காலையில் பாரசிட்டமால் கொடுத்ததும் விட்டுவிட்டது. அனுப்பலாமா?

வேண்டாம். மருந்தின் வேகம் குறைந்ததும் காய்ச்சல் திரும்ப வரும். பதினோரு மணிக்குப் பிள்ளை டெஸ்க்கில் தலை சாய்த்துக் கிடக்கும், உங்களுக்குப் போன் வரும். மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் அனுப்புங்கள்.

குடியாத்தம்: சின்னம்மை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, போகலாம் என்கிறார் மாமியார்.

வேப்பிலை இருக்கட்டும், அதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம். நான் பார்ப்பது கொப்புளத்தை. எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 7 நாள் ஆகும். தலைமுடிக்குள்ளும் விலக்கிப் பாருங்கள். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது.

ஆரணி: பொன்னுக்கு வீங்கிக்கு எத்தனை நாள் லீவு?

வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள்.

ஒடுகத்தூர்: ஆறு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. மாதத் தேர்வு வேறு நடக்கிறது.

தேர்வை விடுங்கள். மழைக்குப் பிறகு, பனிக்காலத்தில், நம் பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் நிறைய வரும். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி கடித்து வருவது. சட்டை, டிரவுசரைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், முக்கியமாக அரைஞாண் கயிற்றுக்கு அடியில். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் புண் இருக்கும். வலிக்காது என்பதால் பிள்ளை சொல்லாது. புண் இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும், அதனால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், மூளை வரை போகலாம்.

சத்துவாச்சாரி: மெட்ராஸ் ஐ. கூலிங் கிளாஸ் போட்டு அனுப்பட்டுமா?

பார்த்தால் ஒட்டாது, கண்ணைக் கசக்கிய கையால்தான் ஒட்டும். நீர், பீளை நிற்கும்வரை வீட்டில் இருக்கட்டும். துண்டு தனி.

வாணியம்பாடி: பேன் இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அநியாயம். ஈருளி போட்டு வாரிவிட்டு மறுநாளே அனுப்புங்கள்.

ராணிப்பேட்டை: மகள் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு. அட்டெண்டன்ஸ் குறைந்துவிடுமோ?

75 சதவீதம் வேண்டும். நோய்க்காகத் தளர்வு கேட்கலாம், ஆனால் காகிதம் வேண்டும். மருந்துச் சீட்டு, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழை அந்த வாரமே கேளுங்கள், சரியா? பிப்ரவரியில் வந்து ஆகஸ்ட் தேதி போட்டுக் கொடுங்கள் என்றால் நான் தரமாட்டேன்.