மூன்று பேரை வைத்து பிரெஞ்சு சீசனா? தாராளமாகச் செய்யலாம்

பியானோ, வயலின், செல்லோ மூன்றுதான் இருக்கிறது, ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் டெபுஸ்ஸியையும் ராவெலையும் வைத்து மூன்று கச்சேரிகள் ஒப்பேற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆர்கெஸ்ட்ராவை மறந்துவிடுங்கள். இவர்கள் மனம்விட்டுப் பேசியதே சின்ன அரங்குக்கான இசையில்தான்.

முதல் கச்சேரியை 1918 மார்ச்சை வைத்துக் கட்டுங்கள். 24 வயது இசையமைப்பாளர் லிலி பூலான்ஷே 15ஆம் தேதி இறந்தார், டெபுஸ்ஸி 25ஆம் தேதி. பத்தே நாள் இடைவெளி. லிலியின் 'ஒரு வசந்தக் காலை', 'ஒரு சோக மாலை' இரண்டுக்கும் மூவர் வடிவம் உண்டு. ஒரே மெட்டுதான் இரண்டிலும் வேறு முகம் காட்டும். அடுத்தடுத்து வாசித்தால் கூட்டமே கண்டுபிடித்துவிடும். கூடவே டெபுஸ்ஸியின் 1915 செல்லோ சொனாட்டா, அதாவது செல்லோவும் பியானோவும் வாசிக்கும் பல பகுதிப் படைப்பு. அதன் நடுப்பகுதியில் செல்லோ வில்லை விட்டு விரலால் சுண்டி கிட்டார் போலக் கொஞ்சும். செல்லோக்காரர் சுண்டுவதில் கெட்டிதானே?

இரண்டாவதில் ராவெல் டெபுஸ்ஸி நினைவாக எழுதிய வயலின்-செல்லோ சொனாட்டாவும், ராவெலின் ஆசிரியர் ஃபோரேயின் 1923 ட்ரையோவும் (மூவர் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) போதும்.

கடைசிக்கு ராவெலின் 1914 ட்ரையோ. போருக்குப் போகும் அவசரத்தில் முடித்தது, ஆனால் அவசரம் எங்கும் தெரியாது. முதல் பகுதியின் எட்டு எண்ணிக்கை 3+2+3 என்று நடக்கும். வாத்தியத்தைத் தொடுமுன் மூவரும் கைதட்டிப் பழகுங்கள். பியானோ பகுதி கொடூரக் கஷ்டம், அதனால் ஒத்திகையை இப்போதே ஆரம்பியுங்கள்.

ராவெலின் பிரபல ஆர்கெஸ்ட்ரா படைப்பான 'பொலேரோ' கேட்டு யாராவது வந்தால் சிரித்துச் சமாளியுங்கள்.