கார்பன் ஃபைபர் துணியை இணைத்த இடம் ஏன் மேடாகத் தெரிகிறது?

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் பைக் ஃபேரிங் (வண்டியின் வெளிக்கூடு) செய்பவரின் கேள்வி இது. வெளித்தெரியும் அடுக்கில் துணியின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் அங்கே தடிமன் இரட்டிப்பாகும், மேடு தட்டும். அந்த அடுக்கில் மட்டும் ஓரத்தோடு ஓரம் முட்டவையுங்கள்.

ஓர் இழைக்கற்றையை உருவினால் நேர்க்கோடு கிடைக்கும், அதிலேயே வெட்டுங்கள். 2/2 ட்வில் (இரண்டு கற்றைக்கு மேல், இரண்டுக்குக் கீழ் போகும் சாய்கோட்டு நெசவு) நான்கு கற்றைக்கு ஒருமுறை அதே வடிவத்துக்குத் திரும்புவதால், சாய்கோடு சேரும்வரை ஒவ்வொரு கற்றையாக நகர்த்திப் பாருங்கள். பின்புறம் ஸ்ப்ரே பசையை லேசாக அடித்தால் பிரியாது. அதிகமானால் ரெசின் (துணியை இறுக்கும் பிசின்) ஊறாமல் வெண்திட்டு விழும்.

முட்டிய இடத்தில் இழை அறுந்திருப்பதால் பலம் இல்லை. உள்ளே 50 மி.மீ. அகலத் துணிப்பட்டை வையுங்கள். இருபுறமும் 25 மி.மீ. பிடிக்கட்டும். உள் அடுக்குகளில் தாராளமாக ஏற்றலாம், ஆனால் இணைப்புகள் ஒரே கோட்டில் வரவே கூடாது.

பெங்களூரு டிசம்பர் காலைக் குளிரில் எபாக்ஸி ரெசின் தடித்து எளிதில் ஓடாது; வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள்.